பழி சுமந்த உறுப்பு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களில் குழந்தை வீட்டில் ஒரு மொழியைக் கேட்டு, வெளியே மற்றொன்றைப் பழகி வளர்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நம்மவர் யார், அயலார் யார் என்று கோடு கிழிப்பது அங்கே எளிதன்று. வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இதே வினாவை நம் உடலும் நாள்தோறும் எதிர்கொள்கிறது. விடையைப் பயிற்றுவிக்கும் இடம், மார்பெலும்பின் பின்னே, இதயத்திற்குச் சற்று மேலே அமைந்த தைமஸ் என்னும் சுரப்பி. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கும் மனம் ஒப்பும் தமிழ்ச்சொல் கிட்டவில்லை. கிரேக்கப் பெயரையே ஆள்கிறேன்.

இவ்வுறுப்பின் வரலாற்றில் பெரும்பகுதி ஒரு பிழையின் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், திடீரென இறந்த குழந்தைகளின் உடலில் பெரிய தைமஸைக் கண்ட மருத்துவர் சிலர், அதுவே மூச்சுக்குழலை நெரித்தது என்றனர். உண்மை வேறு. உடற்கூறு பயில அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஏழைகளின் சடலங்கள். பசியும் நெடுநாள் நோயும் தைமஸைச் சுருக்கிவிடும். சுருங்கியதையே அளவாகக் கொண்டவர்க்கு இயல்பானது வீக்கமாகத் தோன்றிற்று! 1907 முதல் அமெரிக்காவில் குழந்தைகளின் மார்பில் எக்ஸ் கதிர் பாய்ச்சி அதைச் சுருக்க முற்பட்டனர். அவ்வாறு கதிர் பெற்றோர் சிலருக்குப் பின்னர்த் தைராய்டுப் புற்றுநோய் கண்டது 1950-இல் வெளியாயிற்று. அளவுகோலில் வறுமையைக் கணக்கிடாது விட்டதன் விலையைக் குழந்தைகள் கொடுத்தனர்.

1961-இல் இங்கிலாந்தில் ஜாக் மில்லர், பிறந்தவுடனே சுண்டெலிகளின் தைமஸை நீக்கினார். பிரான்சில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த அவரும் ஊர்விட்டு ஊர் சென்றவரே. எலிகள் மெலிந்து தொற்றுநோய்க்கு இரையாயின. அயல் எலியின் தோலை ஒட்டினாலும் அவற்றின் உடல் அதைத் தள்ளவில்லை. வீண் உறுப்பென எண்ணப்பட்டது உடற்காவலின் பயிற்சிக்கூடம் என்பது புலனாயிற்று.

எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் அணுக்களுள், உடலின் சொந்த அடையாளத்தைப் படிக்க இயலாதவை தைமஸின் புறப்பகுதியில் மடிகின்றன. உட்பகுதியில், இன்சுலின் போன்ற பிற உறுப்புகளின் புரதங்களைத் தைமஸ் தானே சிறிதளவு ஆக்கிக் காட்டுகிறது. அவற்றைத் தாக்க முனைவனவும் பெரும்பாலும் அழியும். தேறுவன நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. தப்பிய முரடர்களை அடக்கும் காவல் அணுக்களை 1995-இல் இனங்காட்டிய ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சி, 2025-இல் நோபெல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

வயது ஏற ஏறத் தைமஸ் சுருங்கிக் கொழுப்பாகிறது. அங்கே பயின்று வெளியேறிய அணுக்களும் அவற்றின் வழித்தோன்றல்களும் பல்லாண்டுகள் உடலெங்கும் உலவுகின்றன.