உணவோடு திரும்பும் விருப்பங்கள்

1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், போருக்குச் செல்ல மறுத்த 36 இளைஞர்கள் ஆய்வுக்காக 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். போரில் பட்டினியானோரை மீட்கும் வழியை அறிவதே அதன் நோக்கம். நட்பும் பொழுதுபோக்கும் அவர்களிடமிருந்து விலகின. உணவு பற்றிய நினைப்பே மிஞ்சியது.

அனோரெக்சியாவிலும் பட்டினி மனதை இப்படித்தான் சுருக்குகிறது. எனக்கு அந்நோய் வந்தபோது தையலைக் கைவிட்டேன். ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய பின்னரே ஊசியில் மனம் நின்றது. சாப்பிட்டபின் வரும் பதற்றத்தைத் தையலோடு கடந்தேன். எடையைத் தவிர எண்ணுவதற்கு வேறொன்றும் கிடைத்தது.

விருப்பமான வேலை சிகிச்சைக்குத் துணைதான், மாற்றல்ல. கடும் உடற்பயிற்சியைத் தவிர்த்து, தினமும் பத்து நிமிடம் கோலமோ பாட்டோ போதும்.

பட்டினியைக் கண்ட எங்கள் வீடுகளில், சாப்பிட மறுக்கும் பிள்ளையைத் திமிரென்று ஏசாதீர்கள். மயக்கமோ விரைவான எடையிழப்போ இருந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். உளநல ஆலோசனைக்கு 1926ஐ அழைக்கலாம்.