எஸ்போசிட்டோ: குருதிவழியா, நிறுவனவழியா?

தென் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் எஸ்போசிட்டோ. ‘வெளியே வைக்கப்பட்டவர்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இட்ட பெயர். அதில் ஐயமில்லை. ஆனால் இப்பெயருடையோர் மணவுறவுக்கு வெளியே பிறந்தோரின் வழியினர் என்று முடிவுகட்டுவது பொருந்தாது.

கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்ற, நேப்பிள்ஸின் அன்னுன்சியாட்டா இல்லத்தின் சுவரில் ஒரு சுழல்பெட்டி இருந்தது. வெளியே நின்று குழந்தையை வைத்துத் திருப்பினால் உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். விட்டுச் சென்றவர் முகம் தெரியாது. மணமான ஏழைகளும் வறுமையால் பிள்ளைகளை அதில் விட்டனர். பின்னாளில் அடையாளம் காட்டி மீட்பதற்காக உடைத்த காசோ பதக்கமோ துணியில் முடிந்து வைத்தோரும் உண்டு. உள்ளே வளர்ந்தவர்களை ஊரார் ‘மாதாவின் பிள்ளைகள்’ என்றனர். பெண்களுக்கு இல்லமே சீதனம் கொடுத்தது. பெயரில் இழிவு இருந்தது. இல்லத்தின் ஆதரவும் இருந்தது.

குழந்தைகளைக் கைவிடுவது இத்தாலி முழுதும் நடந்ததே. எஸ்போசிட்டோ மட்டும் ஏன் நேப்பிள்ஸைச் சுற்றிக் குவிந்தது? பெயரிட்டவர் யார் என்று பார்த்தால் விடை கிடைக்கும். புளோரன்சில் 1445இல் திறக்கப்பட்ட இன்னொசென்டி இல்லம் தன் பெயரையே பிள்ளைகளுக்குத் தந்தது. ரோமில் வழங்கியது புரொயெட்டி. மிலானின் பெரிய மருத்துவமனைக்குச் சின்னம் புறா. அதனால் அங்கே 1825 வரை கொலோம்போ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலி ஒன்றாகும்வரை இந்நகரங்கள் தனித்தனி அரசுகளின் கீழ் இருந்தவை. ஆகவே இப்பெயர்களின் பரவல், எந்த இல்லத்தின் கை எதுவரை நீண்டது என்பதையே முதலில் சொல்கிறது.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்திவிட முடியாது. கடலோடி கொலம்பஸின் குடும்பப் பெயரும் கொலோம்போதான். ஆனால் அவர் 1451 வாக்கில் ஜெனோவாவில் பிறந்தபோது, 1456இல் நிறுவப்பட்ட அந்த மிலான் மருத்துவமனையே இல்லை. கொலோம்போவுக்கு வேறு ஊற்றுகளும் உண்டு. எஸ்போசிட்டோவுக்கு அப்படியொரு மாற்று மூலம் காட்டுவது கடினம்.

இல்லத்துக் குழந்தைகளில் பெரும்பாலோர் இறந்துபோயினர். பெயரோ ஆண்வழியாகவே தொடர்ந்தது. அப்படியும் பெயர் பெருகியதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாக அதே பெயர் புதிதாக இடப்பட்டதுதான். இது ஒரே மரத்தின் கிளையன்று. ஒன்றுக்கொன்று உறவில்லாத எத்தனையோ தொடக்கங்கள். நேப்பிள்ஸை ஆண்ட முரா மன்னரின் ஆட்சி (1808–1815) இப்பெயரை இடும் வழக்கத்தைத் தடைசெய்தது. அதன்பின் குழந்தைகளுக்கு வெவ்வேறு பெயர்களைப் புனைந்து இட்டனர். சுழல்பெட்டி மூடப்பட்டதோ 1875இல். இடைப்பட்ட காலத்தில் வந்த பிள்ளைகளின் வழியினர் இன்று எந்தப் பெயரிலும் இருக்கலாம். கைவிடப்பட்டோரை எண்ணுவதற்குக்கூட எஸ்போசிட்டோ சரியான அளவுகோல் ஆகாது.

கடல் கடந்த பரவல் சிக்கலை மேலும் கூட்டுகிறது. அர்ஜென்டினாவில் நேப்பிள்ஸ் குடியேறிகளின் எஸ்போசிட்டோ, அதே இலத்தீன் வேரிலிருந்து ஸ்பெயினில் தனியே தோன்றிய எக்ஸ்போசிட்டோவைச் சந்தித்தது. எழுத்துக்கூட்டல் குழம்பிய இடத்தில் பெயரை வைத்து மட்டும் இரண்டையும் பிரிக்க இயலாது. திருமுழுக்குப் பதிவேட்டையும் கப்பல் பயணிகள் பட்டியலையும் புரட்டியாக வேண்டும்.