தஞ்சை நிலச் சட்டங்கள்

காவிரிப் படுகையில் குத்தகை, பண்ணைக் கூலி, நில உச்சவரம்பு ஆகியவற்றை முறைப்படுத்த 1952 முதல் வந்த சட்டங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகியவை ஒரே தஞ்சை மாவட்டமாக இருந்த காலத்தில் இவற்றுக்கு வித்திட்டது வயல்வெளிப் போராட்டம். 1940களில் பி. சீனிவாசராவ் முன்னின்று கட்டிய விவசாயிகள் சங்கம், கீழத்தஞ்சையில் சவுக்கடியையும் சாணிப்பால் புகட்டும் கொடுமையையும் எதிர்த்து நின்றது.

1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. அவ்வாண்டே அது தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமானது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான பரப்புக்கு, மேல் வைத்திருந்த மிராசுதாரர்களை அது கட்டுப்படுத்தியது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது குத்தகைதாரருக்குச் சேர வேண்டும் என்றது. 1956இல் வந்த நியாய வாரச் சட்டம் நன்செயில் அதை 60 விழுக்காடாக்கியது. 1952 சட்டத்தால், நிரந்தர வேலையாளான பண்ணையாளை நினைத்தபடி விரட்டவும் முடியாமல் போயிற்று. விளைவு, மிராசுதாரர் பலர் நிரந்தர ஆள் வைப்பதையே குறைத்துக்கொண்டு தினக்கூலிக்கு மாறினர். குத்தகையோ பெரும்பாலும் வாய்ப்பேச்சு. களத்துமேட்டில் நெல்லை அளந்து வாங்கியவர் ரசீது எழுதித் தரும் வழக்கம் அரிது. தகராறு என்று வந்துவிட்டால், தலைமுறையாக உழுதவரிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. சட்டம் கொடுத்த உரிமை பலருக்கு இந்த இடத்தில்தான் கைநழுவியது. குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969இல்தான் வந்தது.

1961 நிலச் சீர்திருத்தச் சட்டம் ஐந்து பேர் வரையுள்ள குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என உச்சவரம்பு கட்டியது. கிருஷ்ணசாமி நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964 மார்ச்சில் அதைச் செல்லாதென்றது. குடும்பத்தைக் கணக்கிட்ட முறையும் இழப்பீட்டு விகிதமும் சமத்துவ உரிமைக்கு முரண் என்பது தீர்ப்பு. ரயத்துவாரி நிலம் அரசமைப்பின் 31ஏ பிரிவு சொல்லும் ‘எஸ்டேட்’ ஆகாததால், நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்கு அப்பிரிவு தரும் பாதுகாப்பும் கிட்டவில்லை. அதே ஆண்டு ஜூனில் நாடாளுமன்றம் 17ஆவது திருத்தத்தின் மூலம் அந்த வரையறையை விரித்து, சென்னைச் சட்டத்தையும் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் உயிர்பெற்றது. 1970இல் வரம்பு 15 தர ஏக்கராகக் குறைந்தாலும், பினாமிப் பெயர்களும் அறக்கட்டளைகளுக்குத் தந்த விலக்கும் பெருநிலங்கள் பலவற்றைக் காத்துவிட்டன.

1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வுத் தகராறின் உச்சத்தில், கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலிப் பிரச்சினையை ஆராய்ந்த கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கீழ்வெண்மணி வழக்கில் கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. வசதி படைத்தவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற அதன் வாதம் இன்றும் மனத்தைக் கொதிக்கச் செய்கிறது.

1971 குடியிருப்புச் சட்டம் அதிகம் பேசப்படாதது. உச்சவரம்பைவிடக் கூலிக்காரருக்கு நெருக்கமானது. அதுவரை குடிசை நின்ற மனை மிராசுதாரருடையது. கூலி கூடக் கேட்டால் ‘குடிசையைப் பிரி’ என்று சொல்லிவிடலாம். அந்த மனையை, அதில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கே இச்சட்டம் சொந்தமாக்கியது.