விண்மீன் ஒளியளவைத் தரப்படுத்தல்

தொலைநோக்கியில் பதிவாகும் விண்மீன் ஒளியை எங்கும் ஒப்பிடத்தக்க பொலிவெண்ணாக மாற்றும் முறை. ஐந்து பொலிவெண் வேறுபாடு என்பது நூறு மடங்கு ஒளி வேறுபாடு. ஒரு படிக்கு ஏறத்தாழ 2.512 மடங்கு. இவ்வளவுகோலை 1856இல் முன்மொழிந்த நார்மன் போக்சன், 1861 முதல் 1891இல் மறையும்வரை சென்னை வானாய்வகத்தை நடத்தினார். ஜான்சனும் மார்கனும் 1953இல் வகுத்த யு, பி, வி முறை புறஊதா, நீலம், கட்புலன் ஆகிய பட்டைகளில் ஒளியை அளக்கிறது.

முறை: பொலிவெண் முன்பே துல்லியமாக அறியப்பட்ட தர விண்மீன்களை ஒரே இரவில் வெவ்வேறு உயரங்களில் நோக்குவர். அடிவானத்தை நெருங்க நெருங்க ஒளி கடக்கும் காற்றின் தடிமன் கூடி, விண்மீன் மங்கும். நீல ஒளி கூடுதலாகக் குறையும். அந்த மங்கலின் அளவு, கருவியின் அளவீட்டைப் பொலிவெண்ணோடு இணைக்கும் சுழிப்புள்ளி, விண்மீனின் நிறத்துக்கேற்ற திருத்தம் ஆகிய மூன்றும் இந்நோக்கல்களிலிருந்து பெறப்படும்.

தமிழகத்தில்: ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால், வான நடுவரையை (நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே வானில் அமையும் வட்டத்தை) ஒட்டிய தர விண்மீன்கள் இங்கு உச்சிக்கு அருகே வருகின்றன. மெல்லிய மேகமும் அளவைக் கெடுக்கும்.