பாரதியின் இரண்டு பையன்கள்

புதுவையில் இருந்த பத்தாண்டுகளில் பாரதி தன் இளமையை இரண்டு முறை எழுதினார். செய்யுளில் எழுதியது 'கனவு', 1910-இல் வந்தது. ஸ்வசரிதை என்றும் சொல்வார்கள். வசனத்தில் எழுதியது 'சின்னச் சங்கரன் கதை', முடிவு பெறாத நாவல். முதலாவதை வாழ்க்கை வரலாற்றுக்குச் சான்றாகவும், இரண்டாவதை நகைச்சுவை என்ற தலைப்பிலும் போட்டுவிட்டு நம் விமர்சகர்கள் கை கழுவிக்கொண்டார்கள். அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது எனக்கு வேறொன்று பட்டது. இரண்டிலும் வருபவன் ஒரே பையன். அவனுடைய துக்கத்தை ஒன்றிலும், அவனுடைய கவித்துவத்தை இன்னொன்றிலுமாகப் பிரித்து வைத்திருக்கிறார் பாரதி.

பையனின் சரித்திரம் தெரிந்ததுதான். 1882-இல் எட்டயபுரத்தில் பிறப்பு. 1887-இல் தாய் சாகிறாள். பதினோரு வயதுவாக்கில் 'பாரதி' என்ற பட்டம். 1897-இல் கல்யாணம், பெண்ணுக்கு ஏழு வயது. அடுத்த வருஷம், பஞ்சாலை முயற்சியில் எல்லாம் இழந்த தகப்பனாரும் போய்விடுகிறார்.

'கனவி'ல் பிள்ளைக் காதலுக்கு ஒரு பகுதி உண்டு. ஆங்கிலப் பயிற்சிக்கு உண்டு, மணத்துக்கு உண்டு, தந்தை வறுமை எய்தியதற்கும் உண்டு. தாயின் சாவுக்குத் தனிப் பகுதி கிடையாது. அது வேறோர் இடத்தில் வருகிறது. தாத்தாவின் சிவபூஜை முடிந்ததும் பையன் அர்ச்சனைப் பூவை எடுத்துக்கொண்டு தான் விரும்பும் சிறுமியிடம் போகிறான். அந்தத் தாத்தா யார் என்று சொல்லவேண்டும். ஐந்து வயதில் தன்னை விட்டுப்போன தாயைப் பெற்றவர் என்கிறார். அவ்வளவுதான். ஒரு மரணம் பெயரெச்சத்துக்குள் அடங்கிவிடுகிறது. வாக்கியம் பூவோடு மேலே போய்விடுகிறது.

இது அடக்கம் என்று நான் நினைக்கவில்லை. அரசன் இறந்தால் புலவன் பாடக் கையறுநிலை இருந்தது. தாய்க்குக் கொள்ளி வைத்துப் பட்டினத்தார் பாடினார். அவர் வளர்ந்த மனிதர், துறவி. ஐந்து வயதுப் பிள்ளையின் இழப்புக்குச் செய்யுளில் இடம் ஏது? 'கனவி'ன் முகப்பில் பட்டினத்தார் வாக்கை வைத்த கவிஞருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. இருக்கிற வடிவத்தில் கிடைத்த சந்து அந்தப் பெயரெச்சம்.

இந்தச் சிறு நூலைச் சென்னை அரசாங்கம் 1911-இல், 'ஆறில் ஒரு பங்கு' கதையோடு சேர்த்துத் தடை செய்தது. ஆங்கிலப் படிப்பைப் பற்றி அவர் சொன்னது சுட்டிருக்கவேண்டும். ஒரு பையன் வளர்ந்த கதை ராஜத்துரோகமானது தமிழில் இந்த ஒருமுறைதானோ என்னவோ.

'சின்னச் சங்கரன் கதை'யில் காற்றே வேறு. கவுண்டனூர் ஜமீன்தார் ராமசாமிக் கவுண்டரின் பெயருக்கு முன்னால் நிற்கும் பட்டங்களைப் படித்து முடிக்க மூச்சுப் போதாது. பையன் பாட்டுக் கட்டுகிறான். சிருங்காரம் இன்னதென்று அறியாத வயதில் சிருங்காரம் கட்டுகிறான். பெரியவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். கவிதை இங்கே ஒரு பிள்ளையைக் கெடுக்கும் பழக்கம், வெற்றிலை பாக்கு மாதிரி. கேலியின் குரூரம் எங்கே இருக்கிறதென்றால், பாரதி என்ற பெயரே அப்படிப்பட்ட ஒரு சூழலில் கிடைத்ததுதான். அந்தப் பெயரில் கையெழுத்திட்டுக்கொண்டே அதைக் கொடுத்த உலகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். முப்பது வயதில், பிரெஞ்சு எல்லைக்குள், ஊர் திரும்ப முடியாமல் இருந்தவரின் சிரிப்பு அது. அனுதாபத்துக்கு அதில் துளி இடம் கிடையாது. தாயில்லாப் பிள்ளை என்று யாரும் சங்கரன் தலையைத் தடவிவிடக்கூடாது என்பதில் ஆசிரியர் கண்டிப்பாக இருக்கிறார்.

இதே ஆண்டுகளில், 1914-15-இல், லண்டன் 'ஈகோயிஸ்ட்' பத்திரிகையில் ஜாய்ஸின் நாவல் தொடராக வந்துகொண்டிருந்தது. அங்கேயும் நொடித்துப்போன தகப்பன், பாட்டெழுதும் பையன், நாட்டைவிட்டு வெளியே இருக்கும் ஆசிரியர். ஒருவரை ஒருவர் அறிய வழியில்லை. ஆனால் ஜாய்ஸ் பையனின் அவமானத்தையும் அவனைப் பற்றிய கேலியையும் ஒரே வாக்கியத்துக்குள் வைக்கிறார். பாரதிக்கு அதற்கு இரண்டு நூல்கள் தேவைப்பட்டன. செய்யுள் அழுவதற்கு, வசனம் சிரிப்பதற்கு என்ற பாகுபாட்டை அவர்கூடத் தாண்டவில்லை. அல்லது, தாண்டியது நம் கைக்கு வரவில்லை.

ஏனென்றால், முதலில் எழுதிய கையெழுத்துப் பிரதி புதுவையிலேயே களவு போயிற்று என்பது அவரைச் சுற்றி இருந்தவர்கள் வழியாக வந்த செய்தி. ஒற்றர்கள் கை என்று சந்தேகித்தார்கள். 1913-இல் தொடங்கிய சுப்பிரமணிய சிவாவின் 'ஞானபாநு'வில் வந்தது பிறகு எழுதிய பகுதி. அதுவும் சில அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. சங்கரன் இன்னும் கவுண்டனூரில்தான் இருக்கிறான்.