அர்பத்நாட் கவிழ்ந்த கதை

1990களில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தபோது, முகப்பேர், அம்பத்தூர்ப் பக்கத்து மாதச் சம்பளக்காரர்களைப் பார்த்து ஊர் கேட்டது: இவ்வளவு வட்டி எப்படித் தருவான் என்று யோசிக்க வேண்டாமா? ஏமாந்தவனையே குற்றவாளியாக்கும் கேள்வி அது. 1906இல் சென்னையில் கவிழ்ந்ததோ நேற்று முளைத்த சிட்பண்டு அல்ல. பாரி, பின்னியோடு சேர்த்து எண்ணப்பட்ட அர்பத்நாட் கம்பெனி. வெள்ளைக்காரனிடம் போட்ட பணம் மூழ்காது என்றுதான் நம்பினார்கள்.

இலண்டன் கூட்டாளி மக்ஃபேடியனின் ஊக வணிகம் பணத்தை விழுங்கிக்கொண்டிருக்க, இங்கே புதிய வைப்புத் தொகைகள் வாங்கப்பட்டுக்கொண்டே இருந்தன. அக்டோபரில் அவர் இரயிலின் முன் பாய்ந்து இறந்தார். 22ஆம் தேதி சென்னை அலுவலகத்தின் கதவு மூடப்பட்டது. வியாபாரத்தில் நட்டம் வரலாம், அது குற்றமல்ல. பெட்டி காலி என்று தெரிந்த பிறகும் கிழவிகளின் சேமிப்பை எண்ணி வாங்கி ரசீது கொடுப்பது வேறு. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது, குறைவுதான் என்பேன்.

வைப்பாளர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் வழக்கோடு நின்றுவிடவில்லை. நம்மவர் பணத்துக்கு நம்மவர் வங்கி வேண்டும் என்று முனைந்தார், நகரத்தார் தோள்கொடுத்தனர். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது. கடற்கரைச் சாலையில் அர்பத்நாட் கம்பெனி இருந்த இடத்தையே பின்னர் அது வாங்கிக்கொண்டது.