ஒரு ராத்திரி கூடாரமும் நூறு வருஷக் கதையும்

போன வாரம் ஊருக்கு போன் பண்ணி, "அப்பா, ஏப்ரல்ல நீங்களும் அம்மாவும் துபாய் வர்றீங்கல்ல, அப்படியே ஜோர்டான் போய் பாலைவனத்துல பெதுயின்காரங்க கூடாரத்துல ஒரு ராத்திரி தங்கிட்டு வரலாமா?"ன்னு கேட்டேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "அங்க பாத்ரூம் இருக்குமா?" அப்பா கேட்டது: "லாரன்ஸ் ஆஃப் அரேபியா எடுத்த இடமா?"

அதே இடம்தான் மக்களே. வாடி ரம். (பேரைக் கேட்டதும் வேற ஞாபகம் வந்தவங்க கடைசி பெஞ்சுக்குப் போகவும் :-)) 'வாடி'ன்னா அரபியில பள்ளத்தாக்கு. அம்மான்ல இருந்து தெற்க சுமார் 300 கிலோமீட்டர். கார்ல நாலு மணி நேரம். அப்பா காலேஜ் படிக்கும்போது அந்தப் படம் மறுபடி தியேட்டருக்கு வந்திருக்கு, மூணு தடவை பார்த்தாராம். அந்த ஒட்டகமும் மணலும் இன்னும் அவர் கண்ணுலயே நிக்குது.

நமக்குத்தான் எதைச் செஞ்சாலும் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டாகணுமே. ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல ஒரு ஷீட் திறந்து, எங்க தங்கறது, என்ன சாப்பிடறது, எப்போ போறதுன்னு மூணு வரிசை போட்டேன். ஒவ்வொரு வரிசையும் என்னை ஒரு சரித்திரத்துக்குள்ள இழுத்துட்டுப் போயிடுச்சு. அதைத்தான் இங்க எழுதறேன்.

எங்க தங்கறது?

தேடினா ரெண்டு வகை கிடைக்குது. ஒண்ணு, வெள்ளை உருண்டை மாதிரி கண்ணாடிக் கூடாரம், உள்ளயே ஏசி, பாத்ரூம். 2015ல 'தி மார்ஷியன்' படம் இங்க எடுத்ததுக்கு அப்புறம் செவ்வாய் கிரகத்துல தூங்கலாம்னு விளம்பரம். இன்னொண்ணு கறுப்புக் கூடாரம். அரபியில 'பைத் அஷ்ஷஅர்', அதாவது முடி வீடு. ஆட்டு முடியை நூலாத் திரிச்சு நெய்யறது. நெய்யறவங்க பெண்கள். வெயில்ல இழைக்கு நடுவுல காத்து போகும். மழை பெஞ்சா முடி ஊறி உப்பி, இடைவெளி அடைச்சுக்கும். உள்ள நடுவுல ஒரு திரை: ஒரு பக்கம் ஆண்களும் விருந்தாளிகளும், இன்னொரு பக்கம் பெண்களும் அடுப்படியும். ஆடு மேய வேற இடம் போகணும்னா கழட்டிச் சுருட்டி ஒட்டகத்து மேல ஏத்திடலாம்.

எனக்கு உறைச்ச விஷயம் இதுதான்: அந்தக் கூடாரத்தை இப்போ நமக்கு வாடகைக்கு விடறவர், பெரும்பாலும் பக்கத்துல இருக்கிற ரம் கிராமத்துல சிமெண்ட் வீட்டுல குடியிருக்கிறவர். ஸலாபியாங்கிற குலத்தைச் சேர்ந்த பெதுயின்கள் அந்தக் கிராமத்துல அதிகம். நகர்ந்துகிட்டே இருந்தவங்க ஏன் ஒரு இடத்துல நின்னாங்க?

1908ல டமாஸ்கஸ்ல இருந்து மதீனா வரைக்கும் ஹிஜாஸ் ரயில் போட்டாங்க. அதுக்கு முன்னாடி ஹஜ் யாத்திரைக் கூட்டம் ஒட்டகத்துலதான் போகும். வழியில இருக்கிற குலங்களுக்கு ஒட்டக வாடகை, பாதுகாப்புக்குப் பணம்னு ஒரு வருமானம். ரயில் வந்து அதுல கை வெச்சது. 1916 ஜூன்ல மக்காவின் ஷெரீப் ஹுசைன் துருக்கிய ஆட்சிக்கு எதிரா கிளர்ச்சி ஆரம்பிச்சதும், அதே தண்டவாளத்துக்கு வெடி வைக்கப் போனவங்கள்ல பெதுயின்கள் நிறைய.

அப்பாவோட ஹீரோ

இங்கதான் லாரன்ஸ் வர்றார். பிரிட்டிஷ் அதிகாரி. 1917ல வாடி ரம் வழியா பல தடவை போய் வந்திருக்கார். ஆனா படம் பார்த்துட்டு, அகபா துறைமுகத்தை அவரே தனியாப் பிடிச்ச மாதிரி நினைச்சுக்கிட்டிருந்தோம் பாருங்க, அது கொஞ்சம் ஓவர். கடல் பக்கமா வராம, பாலைவனம் பக்கமா சுத்தி வந்தாங்க. அப்படி வர்றதுக்கு எந்தக் கிணத்துல தண்ணி இருக்கும், எந்தக் குலம் வழி விடும்னு தெரிஞ்சிருக்கணும். அது தெரிஞ்சவர் ஹுவைதாத் குலத் தலைவர் அவ்தா அபூ தாயி. 1917 ஜூலை 6ஆம் தேதி அகபா விழுந்தது. சண்டை போட்டதுல பெரும்பங்கு அவரோட ஆட்கள்.

இன்னொரு சின்னத் தகவல். அதே வருஷம் நவம்பர்ல யார்முக் பள்ளத்தாக்கு ரயில் பாலத்தை உடைக்க லாரன்ஸ் போன கூட்டத்துல, நம்ம இந்தியப் படையோட இயந்திரத் துப்பாக்கி வீரர்கள் சிலரும் இருந்தாங்க. பாலத்தை உடைக்க முடியலை. படத்துல அவங்களைத் தேடாதீங்க.

வாடி ரம் போனா 'ஞானத்தின் ஏழு தூண்கள்'னு ஒரு மலையைக் காட்டுவாங்க. லாரன்ஸ் புத்தகத்தோட தலைப்பு அது. மலையைப் பார்த்து அவர் தலைப்பு வெச்சார்னு சொன்னா நம்பிடாதீங்க. ஏழு நகரங்களைப் பத்தி முன்னாடியே எழுத நினைச்சு கைவிட்ட வேற ஒரு புத்தகத்தோட தலைப்பு அது. மலைக்குத்தான் பிற்காலத்துல புத்தகத்தோட பேரை வெச்சாங்க. அந்த மலைக்கு உள்ளூர்ல ஏற்கனவே ஒரு பேர் இருக்கு: ஜபல் அல் மஸ்மர்.

போர் முடிஞ்சதும் என்ன ஆச்சு? கிளர்ச்சி தொடங்கறதுக்கு முன்னாடியே, 1916 மே மாசம், பிரிட்டனும் பிரான்சும் சைக்ஸ்-பிகோ ஒப்பந்தத்துல இந்த நிலத்தை ரகசியமாப் பங்கு போட்டு முடிச்சிருந்தாங்க. 1921ல டிரான்ஸ்ஜோர்டான் உருவாச்சு. 1925ல அகபாவும் மஆனும் அதோட சேர்ந்தது. அதே வருஷம் ஹத்தா ஒப்பந்தத்துல, நஜ்துக்கும் டிரான்ஸ்ஜோர்டானுக்கும் நடுவுல மேப்புல ஒரு கோடு விழுந்தது. மழையைத் தொடர்ந்து ஆட்டை ஓட்டிட்டுப் போறவனுக்கு அந்தக் கோடு எப்படித் தெரியும்?

குலத்துக்குக் குலம் ஒட்டகக் கொள்ளை அடிக்கிற பழக்கத்தை நிறுத்த 1930ல கிளப்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வந்தார். பெதுயின்களையே ஆள் சேர்த்து பாலைவனக் காவல்படை அமைச்சார். அந்தப் படையோட கோட்டை ரம் கிராமத்துல இன்னும் இருக்கு. பழைய வருமானம் போச்சு, மாசச் சம்பளம் வந்தது. லாரி, ஜீப் வந்ததும் சுமை தூக்கற ஒட்டகத்துக்கு மதிப்புக் குறைஞ்சது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே இடத்துலதானே கட்ட முடியும்? மெதுவா கூடாரத்துப் பக்கத்துல சிமெண்ட் சுவர் எழும்பிச்சு.

1962ல வந்த படம் ஊர் பேரை உலகத்துக்குச் சொல்லுச்சு (அகபா காட்சி எடுத்தது ஸ்பெயின்ல, அப்பாகிட்ட இன்னும் சொல்லலை!). 1984ல டோனி ஹோவர்ட் குழு மலை ஏற வந்தப்போ, உச்சிக்குப் போற வழிகள்ல பலதும் பெதுயின் வேட்டைக்காரங்க காட்டாடு துரத்தி ஏற்கனவே ஏறின வழிகள். 1998ல பாதுகாக்கப்பட்ட பகுதி, 2011ல யுனெஸ்கோ பட்டியல். இப்போ அந்த ஊருக்குப் பெரிய பிழைப்பு நம்மள மாதிரி ஒரு ராத்திரி தங்க வர்றவங்கதான்.

என்ன சாப்பிடறது?

'ஸர்ப்'. மணல்ல குழி தோண்டி, தணல் போட்டு, கறி, கோழி, உருளைக்கிழங்கு எல்லாத்தையும் அடுக்குத் தட்டுல இறக்கி மூடி, மேல மணலைப் போட்டுடுவாங்க. சில மணி நேரம் கழிச்சுத் தோண்டி எடுத்தா சாப்பாடு ரெடி. அம்மா சைவம், முன்கூட்டியே சொல்லணும்னு ஷீட்ல சிவப்புல போட்டாச்சு.

சாப்பாட்டை விடக் காப்பி முக்கியம். முதல் கப் விருந்தாளிக்கு, ரெண்டாவது ரசிக்க, மூணாவது வாளுக்குன்னு சொல்வாங்க. மூணாவது குடிச்சா, ஆபத்து வந்தா ஒருத்தருக்கு ஒருத்தர் துணை நிப்போம்னு அர்த்தம். போதும்னா கப்பை லேசா ஆட்டிக் காட்டணும். விருந்தாளியை மூணு நாளும் ஒரு நாள்ல மூணுல ஒரு பங்கும் காப்பாத்தணும்ங்கறது பழைய வழக்கம். தண்ணியில்லாத ஊர்ல இன்னைக்கு நீ என் கூடாரத்துக்கு வந்தே, நாளைக்கு நான் உன் கூடாரத்துக்கு வருவேன். உயிர் பிழைக்க அவங்க கண்டுபிடிச்ச இன்சூரன்ஸ் அது.

எப்போ போறது?

கோடையில வறுத்தெடுக்கும், குளிர்காலத்துல ராத்திரி உறைபனி அளவுக்குப் போகும். அப்பாவுக்கு முட்டிவலி வேற. மழையும் விளையாட்டு இல்லை. 2018 அக்டோபர், நவம்பர்ல ஜோர்டான்ல வந்த திடீர் வெள்ளங்கள்ல முப்பது பேருக்கு மேல இறந்தாங்க. பள்ளத்தாக்குன்னு பேர்லயே இருக்கே, தண்ணி ஓடற வழி அது. அதனால ஏப்ரல். மேட்டுல இருக்கிற முகாம், வானிலை சரியில்லைன்னா பயணம் ரத்து. தரையில படுக்காம கட்டில். டார்ச், கம்பளி, கையில தினார் நோட்டு. கறுப்புக் கூடாரம், பாத்ரூம் கூடாரத்துக்கு வெளியே ஆனா முகாமுக்கு உள்ளே (அம்மா, போதுமா?).

அங்க பாறைகள்ல 25,000 செதுக்கல்கள், 20,000 கல்வெட்டெழுத்துகள் இருக்குன்னு யுனெஸ்கோ சொல்லுது. பலதும் வெறும் பேர்கள். 'இன்னாரோட மகன் இன்னார்'னு எழுதிட்டுப் போயிருக்காங்க. ரெண்டாயிரம் வருஷமா எல்லாருமே ஒரு ராத்திரி தங்கிட்டுப் போனவங்கதான். நாம பேர் கிறுக்காம வந்தா போதும்.

நேத்து அப்பாகிட்ட இதையெல்லாம் போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்போ அந்தப் படத்துல ஒட்டகத்தோட பின்னாடி வந்தவங்கதான் வழி காட்டினவங்களா?"ன்னார். ஆமான்னேன்.

"சரி, அவங்க வீட்டுக்கு என்ன வாங்கிட்டுப் போறோம்?"

"காசு குடுத்துத்தானேப்பா தங்குறோம்?"

"காசு கூடாரத்துக்குத் தம்பி. வீட்டுக்கு வெறுங்கையோட போவாங்களா?"

கோவில்பட்டி கடலை மிட்டாய் ரெண்டு கிலோ, ஷீட்ல நாலாவது வரிசை.

போயிட்டு வந்து படத்தோட எழுதறேன். வரட்டா?